வரலாற்று ஆராய்ச்சியும் பினாங்குத் தமிழரும்

பழம்பெருமை பேசுவது எளிது. பழஞ்செய்தி ஒன்றை மெய்ப்பிப்பது அரிது. முன்னதற்கு நாவன்மை போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும், பயிற்சி வேண்டும், தன் விருப்பத்துக்கு மாறான உண்மை எதிர்ப்படும்போது அதனை ஏற்றுக்கொள்ளும் நேர்மையும் வேண்டும்.

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் அரைமணி நேரம் நடந்தால் தமிழரின் இருநூறாண்டு வாழ்வு கண்முன் விரியும். சூலியா தெரு, அதனை அடுத்துள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா, குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய பினாங்குத் தெருக் கிட்டங்கிகள் ஆகிய யாவும் ஒன்றையொன்று கூப்பிடு தூரத்தில் உள்ளன. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இத்தெருக்களும் அப்பெருமையில் பங்கு பெற்றன.

ஆனால், இக்கட்டடத்தை எழுப்பப் பணம் தந்தவர் யார்? கல் சுமந்தவர் யார்? இந்நிலம் எப்போது, எவரிடமிருந்து, எந்த நிபந்தனையுடன் கைமாறியது? இவ்வாறு கேட்டால், "பெரியவர்கள் சொல்லக் கேட்டோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. கேட்டதற்கும் மெய்ப்பித்ததற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பதே வரலாற்று ஆராய்ச்சி. பல்கலைக்கழகங்களில் அதற்குரிய முதற்பயிற்சியாக விளங்குவது ஆய்வுவழி முதுகலைப் பட்டம். அது எத்தகையது, எவ்வாறு செய்யப்படுவது, தமிழ் கற்றோர் அதில் ஏன் ஈடுபட வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைப் படிப்பு

முதுகலை என்றால் வகுப்பில் அமர்ந்து பாடங்கேட்டுத் தேர்வெழுதித் தேறுவது என்பதே பலரது எண்ணம். அது ஒருவகை. ஆய்வுவழி முதுகலை மற்றொரு வகை. இதில் பாடத்திட்டம் என்று ஒன்றை மாணவர் கையில் எவரும் கொடுப்பதில்லை. ஆராய்ச்சி முறைபற்றிய வகுப்பு ஒன்றிரண்டு இருக்கலாம், அவ்வளவே. ஒரு வினா, ஒரு நெறியாளர், ஓர் ஆய்வேடு, இறுதியில் ஒரு வாய்மொழித் தேர்வு ஆகிய நான்குமே அதன் உறுப்புகள். முன்னது பிறர் கண்டதைக் கற்பிக்கிறது. பின்னது தாமே காணக் கற்பிக்கிறது.

பினாங்கில் இதற்கு இடம் உண்டு. 1969-ஆம் ஆண்டில் பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றிப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய நிறுவனம், மிண்டன் என்னும் பழைய படைமுகாம் நிலத்தில் இயங்கிவருகிறது. பெயரில் அறிவியல் இருப்பினும் அதனுள் மானிடவியல் புலமும் உண்டு. அதில் வரலாற்றுத் துறையும் உண்டு. அங்கே ஆய்வுவழி முதுகலை பயில்வோர் தம் ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுகின்றனர். பணியில் இருப்போர் பகுதிநேரமாகவும் பதிவு செய்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் எம்.ஃபில். என்று வழங்கிய பட்டத்தை நம் ஆசிரியர் பலர் அறிவர். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே ஒரு படியாக நின்ற அப்பட்டத்தை, இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2022-ஆம் ஆண்டின் விதிகளால் நிறுத்திவிட்டது. அது செய்துவந்த பணியின் பெரும்பகுதியை மலேசியாவில் ஆய்வுவழி முதுகலையே செய்கிறது. ஆராய்ச்சி தமக்கு ஒத்துவருமா என்று ஒருவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கும் களம் இது.

இம்முறையின் வேர் ஜெர்மனியில் உள்ளது. 1825-ஆம் ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற லியோபோல்ட் ஃபான் ராங்கே என்பார், தேர்ந்தெடுத்த மாணவர் சிலரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்தார். அவர்களுக்கு அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. இடைக்காலத்து ஆவணம் ஒன்றை நடுவில் வைத்து, "இதனை எழுதியவர் யார்? அவர் நேரிற் கண்டவரா, கேட்டவரா? ஏன் எழுதினார்?" என்று கேட்டார். மாணவர் தாமே விடை தேடினர். இன்று உலகெங்கும் வரலாற்றுத் துறைகளில் நடைபெறும் கருத்தரங்க வகுப்பு அவ்விருந்தறையில் உருப்பெற்றதே ஆகும்.

பொருள் வேறு, வினா வேறு

ஆராய்ச்சிக்கு வருவோர் முதலில் இடறும் இடம் ஒன்று உண்டு. "என்ன ஆராயப் போகிறீர்கள்?" என்றால், "பினாங்குத் தமிழர் வரலாறு" என்பர். அது பொருள், வினா அன்று. கடலைக் காட்டி இதில் நீந்தப்போகிறேன் என்பது போன்றது அது. எங்கிருந்து எங்கே என்று சொல்லவேண்டும் அல்லவா?

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1905-ஆம் ஆண்டில் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரு சட்டம் செய்தது. அதன்படி பள்ளிவாசல்களின் நிலங்களும் கோயில்களின் நிலங்களும் பல, அரசு அமர்த்திய ஒரு வாரியத்தின் கண்காணிப்புக்குள் வந்தன. இப்போது வினவுக: "1905-க்குப் பின் ஜார்ஜ் டவுனில் அறக்கட்டளை நிலங்களின் வருவாயை யார் வாங்கினர், எதற்குச் செலவிட்டனர், அதனால் அந்நிலங்களிற் குடியிருந்த ஏழைத் தமிழருக்கு நேர்ந்தது யாது?" இது வினா. இதற்குக் காலம் உண்டு, இடம் உண்டு, தேட வேண்டிய ஏடுகள் இன்னவை என்பதும் இதிலேயே புலப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதிர்பாராத விடை வருவதற்கு இதில் இடமுண்டு. விடை முன்னரே தெரிந்த வினா ஆராய்ச்சி வினா ஆகாது.

வினா அமைந்தபின், அதுபற்றி முன்னோர் எழுதியவற்றைக் கற்கவேண்டும். மலாயா இந்தியர்பற்றி கெர்னியல் சிங் சந்து 1969-ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாணத்தவராகிய சின்னப்பா அரசரத்தினம் 1970-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களைக் கல்லாமல் எவரும் இத்துறையில் அடியெடுத்து வைத்தல் இயலாது. கூ சல்மா நசுத்தியோன் என்னும் பினாங்கு அறிஞர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த சூலியா மக்களைப்பற்றி 2014-இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். 1786 முதல் 1957 வரையுள்ள காலத்தை அது ஆராய்கிறது. இவற்றைப் படிப்பது வழிமொழிவதற்காக அன்று. அவர்கள் எங்கே நிறுத்தினார்கள், எந்தச் சான்றைக் காணவில்லை, எந்த மொழியின் ஏடுகளைத் திறக்கவில்லை என்று அறிவதற்காகவே.

ஒரு சான்றை வினவுதல்

சான்றை வினவுதல் என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் பினாங்கைக் கைக்கொண்டார். 1794-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, தீவின் மக்களை வகைப்படுத்திக் கல்கத்தாவுக்கு அவர் ஓர் அறிக்கை எழுதினார். அதில் சோழமண்டலக் கரையின் பல துறைமுகங்களிலிருந்து வந்த சூலியாக்களை இரண்டாம் வகுப்பினராகக் குறிப்பிடுகிறார். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் குடும்பத்தோடு நிலைத்தவர் என்கிறார். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர் வரை கப்பலில் வந்து, வாணிகமும் உடலுழைப்பும் செய்து, சிறிது பொருள் சேர்த்து ஊர் திரும்புவர் என்றும், அவர் இடத்துக்கு வேறு சிலர் வருவர் என்றும் கூறுகிறார். நிலைத்தவருள் பெரும்பாலோர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர் என்றும் சொல்லிச் செல்கிறார்.

பொதுவாகப் படிப்பவர் 1,000 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு மேலே செல்வார். ஆய்வு மாணவர் அங்கே நிற்க வேண்டும்.

முதலாவது, சொன்னவர் யார்? தீவை நிறுவியவர், அது செழிக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்டவேண்டிய நிலையில் இருந்தவர். ஆதலின் எண்களை அவர் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடுமோ என்று ஐயுறுதல் நெறி. இரண்டாவது, 1,000 என்பது எண்ணிப் பார்த்த தொகையா, மதிப்பீடா? முழு எண்ணாக இருப்பதே அது மதிப்பீடு என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, "குடும்பம்" என்று ஒரே சொல்லில் அவர் அடக்கிவிட்டவருள் பெண்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்தவரா, கெடாவில் மணந்துகொண்ட மலாய்ப் பெண்டிரா? அறிக்கை வாய்திறக்கவில்லை. சான்றின் பேச்சைப் போலவே அதன் மௌனமும் நமக்குச் செய்தியாகும்.

நான்காவதே எல்லாவற்றினும் முக்கியமானது. இவர்களுள் பெரும்பாலோர் முன்னரே கெடாவில் வாழ்ந்தவர் என்றால், பினாங்குத் தமிழர் வரலாறு 1786-இல் லைட்டின் கப்பலோடு தொடங்கவில்லை என்பது பெறப்படும். ஆங்கிலேயர் வந்ததால் தமிழர் வந்தனர் என்று பள்ளி நூல்களில் நாம் படித்த தொடர்பு, இந்த ஒரே வரியால் ஆட்டங்காண்கிறது. இனி ஆய்வாளர் கெடாவை நோக்கித் திரும்பவேண்டும். லைட்டுக்கு மலாய் அரசர்களும் வணிகர்களும் சாவி எழுத்தில் எழுதிய கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழ்த்திசை ஆப்பிரிக்கக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேடிச் செல்லவேண்டும். ஒரு வரி ஒரு துறையையே திறந்துவிட்டது காண்க.

இவ்விடத்தில் சொற்களின் வரலாறும் உடன் வருகிறது. சூலியா என்னும் பெயர் சோழர் பெயரோடு தொடர்புடையது என்று கருதுவோர் பலர். கெலிங் என்பது மலாய் இலக்கியத்தில் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த பழஞ்சொல். இன்றோ அது இழிவுப் பொருள் ஏறியதாக நம்மவரால் வெறுக்கப்படுவது. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் என்னும் வணிகர் தம் மக்களின் தலைவராகக் கப்பித்தான் பதவி வகித்தபோதும், பள்ளிவாசலுக்கு 1801-இல் நிலம் கிடைத்தபோதும், அச்சொல்லுக்கு இன்றைய வடு இல்லை. இன்றைய பொருளை அன்றைய ஏட்டில் ஏற்றிப் படித்தல் வரலாற்றுப் பிழை. சங்கச் சொல்லுக்கு இக்காலப் பொருள் கூறும் மாணவரைத் திருத்தும் தமிழாசிரியருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இருநூறாண்டு விழாவும் ஒரு வினாவும்

நம் ஆசிரியப் பெருமக்களுக்கு அணித்தான செய்தி ஒன்றைக் கூறுவோம். 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியது. அதனைச் சார்ந்து ஒரு தமிழ் வகுப்பு நடந்தது என்னும் செய்தியைக் கொண்டே, 2016-ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டது. விழாவில் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது முறையே.

விழா முடிந்தபின் ஆராய்ச்சி தொடங்கவேண்டும். அவ்வகுப்பு எந்த மாதத்தில் தொடங்கிற்று? அதில் அமர்ந்த பிள்ளைகள் எத்தனைபேர், எவர் மக்கள்? கற்பித்தவர் யார், அவர் கையிலிருந்த நூல் யாது? அவ்வகுப்பு எத்தனை காலம் நிலைத்தது, ஏன் நின்றது? ஆங்கிலப் பள்ளியைச் சார்ந்த வகுப்பைத் தமிழ்ப்பள்ளி என்று சொல்லலாமா? அதற்கு முன்னரே கடைத் திண்ணையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் தமிழ் கற்பித்தவர் இருந்திருந்தால், அவர்களை எக்கணக்கில் சேர்ப்பது?

இவ்வினாக்கள் விழாவைக் குறைப்பதற்காக எழுந்தவை அல்ல. "முதல்" என்னும் சொல்லை வரலாற்றில் மிக எச்சரிக்கையாக வழங்கவேண்டும். இன்று முதல் என்று நாட்டியதை நாளை ஒரு பழங்கடிதம் மாற்றிவிடக் கூடும். மாற்றினால் நமக்கு இழப்பில்லை. நம் அறிவு ஒருபடி வளர்ந்தது என்றே கொள்ளவேண்டும். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒரே ஒரு பள்ளியின் வரலாற்றை, அதன் சேர்க்கைப் பதிவேடு, ஆசிரியர் வருகைப் பதிவேடு, தோட்ட நிருவாகக் கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு முறையாக எழுதினாலும், அது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதிய பொருளாகும்.

தமிழ் அறிந்தார் கையிலுள்ள திறவுகோல்

மலாயாத் தமிழர் வரலாறு பெரிதும் ஆங்கில ஏடுகளைக் கொண்டே எழுதப்பட்டது. அரசு அறிக்கை, குடிக்கணக்கு, தொழிலாளர் இலாகாப் பதிவு ஆகியவற்றில் தமிழர் எண்ணாக வருகின்றனர். ஆளாக வருவது அரிது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது என்றும், தொழிலாளரைப் பணவுதவியோடு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது என்றும் அவ்வேடுகள் கூறும். அக்காலத்தில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவன் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் என்ன சொன்னான் என்பதை அவை கூறா. அது தமிழில் உள்ளது. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கே அது பேசும்.

படிக்கத் தெரிதல் என்பதும் எளிதன்று. நகரத்தார் கிட்டங்கியில் எழுதிய பழைய பேரேடு ஒன்று கிடைத்தது என வைத்துக்கொள்வோம். அதில் தமிழ் எண்கள் இருக்கும்; முந்திரி, காணி, மா என்னும் பின்னங்கள் இருக்கும்; வரவு, பற்று, நாள், வருடம் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருக்கும்; புள்ளியில்லாத மெய்யெழுத்துகள் இருக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் பணிப்பெயர்கள் வரும். பல்கலைக்கழகத்தில் எத்துணைக் கற்றவராயினும், தமிழ்ப் பயிற்சி இல்லாதார்க்கு அப்பேரேடு வெறுந்தாளே.

காலக் கணக்கைப் பாருங்கள். "விகாரி வருடம் தை மாதம் கோயிலுக்குக் கொடுத்தது" என்று ஒரு பற்று எழுதியிருந்தால், அது எந்த ஆங்கில ஆண்டு? அறுபதாண்டுச் சுழற்சியில் விகாரி 1839, 1899, 1959 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால், அப்பற்று 1840, 1900, 1960 என்னும் மூன்றில் ஒன்றாகும். அறுபது ஆண்டுப் பிழை ஓர் ஆய்வேட்டைக் கவிழ்த்துவிடப் போதும். இனி வேறு சான்றுகளை நாடவேண்டும். கோயில் என்றது தண்ணீர்மலை நகரத்தார் கோயிலாயின், அது 1857-இல் எழுந்தது. ஆதலின் 1840 பொருந்தாது. தாளில் நீரிணைக் குடியேற்ற அரசின் முத்திரைத்தலை ஒட்டியிருந்தால், அவ்வரசு 1946-இல் கலைந்தமையின் 1960-உம் பொருந்தாது. எஞ்சியது 1900. இவ்வாறு ஒன்றை ஒன்றால் அளந்து விலக்கி முடிவு காண்பதே ஆராய்ச்சி முறை. நூற்பாவுக்கு உரை காணும்போது பொருந்தாப் பொருளை விலக்கி வரும் நம் உரையாசிரியர்களின் நெறியும் இதற்கு உறவுடையதே.

சான்றுகள் வாழும் இடங்கள்

பினாங்கின் வரலாறு பினாங்கில் மட்டும் இல்லை. கும்பினிக் காலத்து எழுத்துகள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவிலும், சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. 1867-க்குப் பின் குடியேற்றநாட்டு அமைச்சோடு நடந்த கடிதப் போக்குவரத்து இலண்டனையடுத்த கியூ நகரில் இருக்கிறது. 1957-இல் தோன்றிய மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் உள்ளது. கப்பலேறிய கரையின் செய்திகளை அறியச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கருவூலமாகும்.

இத்தனை இடங்களுக்கும் ஏழை மாணவர் எவ்வாறு செல்வது என்று மலைக்க வேண்டுவதில்லை. முன்னாளில் கப்பலேறிச் சென்று காண வேண்டியிருந்தவற்றுள் ஒரு பகுதி இன்று கணினித் திரையிலேயே கிடைக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் திறந்துவைத்துள்ளது. பினாங்கில் வெளிவந்த ஆங்கில ஏடுகளும், தமிழ் முரசும் அதில் உள்ளன. ஆயினும் ஓர் எச்சரிக்கை. திரையில் கிடைப்பதை மட்டுமே கொண்டு எழுதினால், எவர் ஏட்டைப் பிறர் பாதுகாத்தார்களோ அவர் வரலாறே மீண்டும் எழுதப்படும். பாதுகாப்பாரின்றிக் கிடக்கும் ஏடுகள் கோயில் அலமாரியிலும், சங்கக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழும், நம் வீட்டுத் தகரப் பெட்டியிலுமே உள்ளன.

கரையானும் கடப்பாரையும்

இங்கேதான் அவசரம் இருக்கிறது. கல்லே நிலையாதபோது காகிதம் எங்ஙனம் நிலைக்கும்?

பினாங்கின் எதிர்க்கரையில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் படையனுப்பியதை அவன் மெய்க்கீர்த்தி பாடுகிறது. கடாரம் கெடாவே என்பது அறிஞர் பலர் கொள்கை. மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ எழுந்தது. வென்றவன் குரல் மட்டுமே அதில் கேட்கும். தோற்றவர் நாட்டில் என்ன நடந்தது என்பதை மண்ணுக்குள் கிடக்கும் செங்கல்லும் மணியும் மட்பாண்டமுமே கூறவேண்டும். ஆகவே அப்பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு கட்டட அடித்தளமும் ஒரு சாட்சி. 2013-ஆம் ஆண்டில், அங்கே வீட்டுமனைகளுக்காக நிலத்தைச் சமன் செய்தபோது, பழைய சண்டி ஒன்று இடிபட்டது. சாட்சி ஒருவர் வாய்திறவாமலே மறைந்தார்.

அஃது ஊரறிந்த செய்தியாயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது எரிந்த பள்ளிப் பதிவேட்டையும், கோயில் புதுப்பிக்கப்பட்டபோது குப்பையிற் போன நன்கொடைப் புத்தகத்தையும், சாலை விரிந்தபோது பெயர்க்கப்பட்ட தமிழ்க் கல்லறைக் கல்லையும் எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. எழுதப்படாத மக்களின் வரலாறு இவ்வாறே இருமுறை இறக்கிறது.

ஆசிரியர் செய்யக்கூடியது பெரிதும் எளிதானது. பழைய ஏட்டை எறியவிடாது தடுத்தல் முதற்பணி. அது கிடைத்த இடம், நாள், வைத்திருந்தவர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன்வைத்தல் இரண்டாம் பணி. இடமறியாத ஆவணம் பாதி மதிப்பை இழந்துவிடும். பக்கங்களைப் படம்பிடித்தல் மூன்றாம் பணி. முதியோரிடம் அவர்தம் இசைவோடு கேட்டுப் பதிவு செய்தல் நான்காம் பணி. ரஜுலா கப்பலில் குழந்தையாக வந்திறங்கியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அக்கப்பல் 1973-இல் தன் பயணத்தை முடித்தது. அவர்கள் நினைவும் சான்றே. எனினும் நினைவு பிறழும் இயல்புடையது. ஆதலின் அதனையும் பிற சான்றோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும்.

வருமுன் அறிய வேண்டியவை

ஆய்வுவழி முதுகலையின் இடர்களை மறைத்தல் நேர்மையாகாது. வகுப்புத் தோழர் கூட்டம் இல்லாத தனிமைப் படிப்பு இது. வாரக்கணக்கில் ஏடு புரட்டியும் ஒரு வரிகூடக் கிட்டாத காலம் உண்டு. குறித்த காலத்தில் முடிக்காமல் நின்றுவிடுவோரும் உண்டு. பட்டத்தால் மட்டுமே பதவி உயர்வு வரும் என்று நம்பிச் சேர்வோர் ஏமாற்றம் அடையக்கூடும்.

ஆதலின் சேருமுன் மூன்றைத் தெளிந்துகொள்க. ஒன்று: வினா சிறிதா? முதுகலை ஆய்வுக்கு ஒரு தெரு, ஒரு பள்ளி, ஒரு முப்பதாண்டு போதும். இரண்டு: சான்று கைக்கெட்டுமா? அருமையான வினாவுக்குச் சான்று கடலுக்கப்பால் மட்டுமே இருக்குமாயின் அதனை முனைவர் பட்டத்துக்கு ஒதுக்கிவைக்கலாம். மூன்று: நெறியாளர் அத்துறை அறிந்தவரா? அவரிடம் முன்னரே சென்று உரையாடி, நாலைந்து பக்கத்தில் ஆய்வு முன்வரைவு ஒன்றை எழுதிக் காட்டுதல் நலம்.

மொழிபற்றியும் ஒரு சொல். ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைவதால் தமிழுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பர். தமிழ் ஏட்டின் செய்தியை நாட்டு மொழியில் மெய்ப்பித்து வைக்கும்போது, அது நம்மவருக்கு மட்டுமன்றி நாட்டார் அனைவருக்கும் வரலாறாகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றும் அறிந்த மலேசியத் தமிழ் இளைஞருக்கு இப்பணியில் உள்ள வாய்ப்பு வேறு எந்நாட்டு ஆய்வாளருக்கும் எளிதில் வாய்ப்பதன்று. ஆய்வு முடிந்தபின் அதன் சாரத்தைத் தமிழில் எழுதித் தம் மக்கள் கையில் தருதல் அவர் கடன்.

இறுதியில் வாய்மொழித் தேர்வில் அறிஞர் சிலர் எதிரே அமர்ந்து, "இதனை எவ்வாறு அறிந்தீர்?" என்று வரிவரியாகக் கேட்பர். அடிக்குறிப்பு இதற்காகவே இடப்படுகிறது. நான் சென்ற வழி இது, ஐயமுள்ளோர் தாமும் சென்று காண்க என்று பிறரை அழைப்பது அது. "பெரியவர்கள் சொல்லக் கேட்டோம்" என்னும் விடை அங்கே செல்லாது. ஆனால் அப்பெரியவர் சொன்னது மெய் என்று ஒரு பேரேட்டாலும், ஒரு கல்லறைக் கல்லாலும், ஒரு பள்ளிப் பதிவேட்டாலும் காட்டிவிட்டால், அவர் சொல் இனி எவராலும் தள்ளமுடியாத சொல்லாகிவிடும். சூலியா தெருவில் நடந்து மறைந்த பெயரறியா முன்னோர்க்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே. பள்ளி அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய பதிவேட்டை, வரும் திங்கட்கிழமை, ஒருமுறை திறந்து பாருங்கள்.